டிப்ஸ்டிக் இடத்துக்கு இடம் மாற்றிச் சொன்னால்: நெடும்பயணத்தில் இன்ஜின் ஆயிலை அளக்கும் முறை

சென்னையில் காலையில் டிப்ஸ்டிக்கின், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியின், மேல்கோட்டைத் தொட்டு நின்ற ஆயில், விழுப்புரம் தாண்டி ஒரு பங்கில் பார்த்தால் பாதிக்கும் கீழே நிற்கிறது. திருச்சியில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முக்கால். மறுநாள் காலை மதுரையில் மறுபடி மேல்கோடு. ஓடும்போது ஆயில் கொஞ்சம் குறையலாம். நிறுத்தி வைத்த வண்டியில் இரவோடு இரவாக ஊறாது. அப்படியென்றால் நடுவில் எடுத்த அளவுகள்தான் தப்பு.

இந்தக் குழப்பத்தில் பலர் குறைவாகத் தெரிந்த இடத்திலேயே அரை லிட்டரை ஊற்றிவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் மேல்கோட்டுக்கு மேலே அரை விரற்கடை ஏறியிருக்கும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் ஆயில் எங்கே நின்றாலும் இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மேலே தாண்டினால் உண்டு. ஆகவே சந்தேகமான அளவை நம்பி ஊற்ற வேண்டாம். முதலில் ஒழுங்காக அளந்து பாருங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. மீட்டரில் எண்ணெய்க் குடுவை படம் சிவப்பாக எரிந்தால் அது அளவைப் பற்றிய எச்சரிக்கை அல்ல, அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். அடுத்த பங்க் வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்கவே கூடாது. ஓரம் கட்டி, உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அளவு சரியாக இருந்தும் சிவப்பு விளக்கு எரிந்தால் டோ வண்டிதான் வழி. மஞ்சள் நிறத்தில் எரிவது பெரும்பாலும் அளவு குறைந்ததற்கான விளக்கு. அதற்கு நிதானமாக இடம் பார்த்து நிறுத்தலாம்.

அளவு ஏன் மாறுகிறது

ஓடும் இன்ஜினில் ஆயிலில் ஒரு பகுதி மேலே ஹெட்டிலும் வழித்தடங்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அணைத்த பிறகு அது அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிந்து இறங்க நேரம் ஆகும். நெடுஞ்சாலையிலிருந்து நேராக பங்குக்குள் நுழைந்து, அணைத்த கையோடு குச்சியை உருவினால் சில நூறு மில்லி இன்னும் மேலேதான் இருக்கும். எந்த வண்டியும் அப்போது குறைவாகவே காட்டும். பங்கில் வேலை செய்பவர் பானெட்டைத் திறந்து, முதல் தடவை உருவிய குச்சியைக் காட்டி "ஆயில் கம்மியா இருக்கு சார்" என்றால், அந்த அளவை வைத்து ஆயில் வாங்காதீர்கள்.

சூடு இதற்கு எதிர்த் திசையில் வேலை செய்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயில் ஏறக்குறைய 0.07 சதவீதம் விரியும். 4 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மி.லி. கூடுதலாகத் தெரியும். ஆக, சூடான இன்ஜினில் வடியாத ஆயில் அளவைக் குறைத்துக் காட்டுகிறது, விரிந்த ஆயில் கூட்டிக் காட்டுகிறது. எது எவ்வளவு என்பது நீங்கள் எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

எல்லாவற்றையும் விட அதிகம் ஏமாற்றுவது தரைச் சரிவு. குச்சி சம்பின் நடுவில் இறங்குவதில்லை, ஒரு ஓரமாகவே இறங்கும். நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரை 2 டிகிரி சாய்ந்திருந்தால், அதாவது ஒரு மீட்டருக்கு மூன்றரை செ.மீ. சரிவு இருந்தால், குச்சி இருக்கும் இடத்தில் மட்டம் 5 மி.மீ. மாறும். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே 20 மி.மீ.தான், அதற்கு ஏறத்தாழ 1 லிட்டர் கணக்கு. 5 மி.மீ. என்றால் கால் லிட்டர். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் பங்க் தளங்கள் மழைநீர் ஓட வேண்டி வேண்டுமென்றே சரிவாகப் போடப்பட்டவை. நெடுஞ்சாலையின் ஓரத் தளமும் அப்படித்தான்.

கடைசியாக, குச்சி போகும் குழாய். வளைந்த குழாயின் உள்சுவரில் தெறித்த ஆயில் ஒட்டியிருக்கும். குச்சியை உருவும்போது ஒரு பக்கம் அதில் உரசி, கோட்டுக்கு மேலேயும் ஈரமாக வரும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால் தாழ்ந்த பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் முழு அகலத்துக்கும் இடைவெளி இல்லாமல் ஈரம் தொடங்கும் இடம்தான் உண்மையான மட்டம். அதற்கு மேலே தெரியும் திட்டும் கீற்றும் கணக்கில் சேராது.

நம்பக்கூடிய ஒரே நேரம்

பயணத்தில் இருப்பவர்கள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பதே சிறந்தது. இரவு முழுக்க வடிந்திருக்கும், வெப்பநிலையும் நாளுக்கு நாள் அதிகம் மாறாது. வண்டியின் கையேடு சூடான இன்ஜினில் பார்க்கச் சொல்லியிருந்தால் மேல்கோட்டைத் தாண்டியதா என்ற தீர்ப்புக்கு அந்த முறையையே பின்பற்றுங்கள். ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட காலை அளவு போதும்.

1. இரவு நிறுத்தும்போதே சமமான இடம் பாருங்கள். லாட்ஜின் சிமெண்டுத் தளம் சமமா என்று அறிய, பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைத் தரையில் படுக்கவைத்தால் போதும், உருண்டால் சரிவு. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள்.

2. குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் குழாய்க்குள் போகும். முதல் தடவை வந்த அளவைப் பார்க்கவே வேண்டாம்.

3. அடி வரை, கைப்பிடி உட்கார்ந்து அழுந்தும் வரை செருகுங்கள். 4 மி.மீ. மேலே நின்றால் 4 மி.மீ. குறைவாகக் காட்டும். ஐந்து விநாடி விட்டு நேராக உருவுங்கள்.

4. உருவியதும் குச்சியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்க்காதீர்கள், ஆயில் கைப்பிடிப் பக்கம் ஓடிவிடும். கிடைமட்டமாகப் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள்.

5. இன்னும் இரண்டு முறை இதையே செய்யுங்கள். மூன்று அளவும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் அதுதான் அளவு.

புதிதாக மாற்றிய ஆயில் தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதால் கோடே தெரியாது. குச்சியை ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு நொடி படுக்கவையுங்கள், ஈரம் முடியும் இடம் தாளில் தெரிந்துவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் 600 எண் உப்புத்தாளால் இரு கோடுகளுக்கு இடையே குறுக்கு வாட்டில் லேசாகத் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். வழவழப்பு போன உலோகத்தில் ஆயில் நன்றாகப் பிடித்து நிற்கும்.

பகலில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அணைத்து 10 நிமிடம் காத்திருங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில், அதுவும் 15டபிள்யூ-40 போன்ற கெட்டி ஆயில் என்றால், 20 நிமிடம். சமதளமே கிடைக்காவிட்டால் ஒரு வழி உண்டு: ஒருமுறை அளந்துவிட்டு, வண்டியை அதே இடத்தில் எதிர்த் திசை நோக்கித் திருப்பி நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். சரிவு ஒருமுறை கூட்டினால் மறுமுறை அதே அளவு குறைக்கும். இரண்டுக்கும் நடுப்புள்ளி உண்மைக்கு மிக அருகில் இருக்கும்.

மில்லி கணக்கு

கோடுகளுக்கு இடையே எத்தனை மில்லி என்பது வண்டிக்கு வண்டி மாறும். மொத்தமே 3 லிட்டர் சொச்சம் பிடிக்கும் சிறிய பெட்ரோல் கார்களில் அது 1 லிட்டருக்கும் குறைவாக இருக்கலாம். இன்னோவா மாதிரி 6 லிட்டருக்கு மேல் பிடிக்கும் டீசல் வண்டிகளில் கூடுதலாக இருக்கும். கையேட்டில் இல்லையென்றால் அடுத்த முறை ஊற்றும்போது நீங்களே கண்டுபிடிக்கலாம்: சரியாக 250 மி.லி. ஊற்றி, மறுநாள் காலை எத்தனை மி.மீ. ஏறியது என்று பாருங்கள்.

தினமும் காலையில் கிலோமீட்டரையும் மேல்கோட்டுக்கு எத்தனை மி.மீ. கீழே என்பதையும் போனில் குறித்து வையுங்கள். 20 மி.மீ.க்கு 1 லிட்டர் என்ற வண்டியில் 600 கி.மீ.க்கு 6 மி.மீ. இறங்கினால் 300 மி.லி. செலவு, 1000 கி.மீ.க்கு அரை லிட்டர். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குடிக்கலாம் என்று வோக்ஸ்வாகன் கையேடுகளிலேயே உண்டு. ஆனால் 1000 கி.மீ.க்கு 100 மி.லி. குடித்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று 500 குடித்தால், கையேடு அனுமதித்தாலும் காரணம் தேட வேண்டும். எண்ணை விட மாற்றம்தான் முக்கியம்.

உண்மையிலேயே குறைந்தால்

முதல் நாள் அளவு இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நகரத்துக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டராக ஓடிய பெட்ரோல் வண்டியில் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து சேர்ந்திருக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்களில் இது கூடுதல். நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் ஆயில் 90, 100 டிகிரியில் ஓடும்போது அவை ஆவியாகிப் போய்விடும். அளவு இறங்கும், ஆயில் எதுவும் செலவாகியிருக்காது. இரண்டாம் நாளிலிருந்து வரும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதல் நாள் அளவு இறங்க இன்னொரு காரணம் சர்வீஸ். ஆயில் மாற்றும்போது புது ஃபில்டர் காலியாக இருக்கும், முதல் ஸ்டார்ட்டில் 200, 300 மி.லி.யை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்ஜினை ஓட்டிப் பார்த்து மறுபடி நிரப்பாமல் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை அந்த அளவு குறைந்திருக்கும். சர்வீஸ் முடிந்த கையோடு நீண்ட பயணம் கிளம்புவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு நாள் முன்பே சர்வீஸ் முடித்து, ஒரு காலை அளவாவது எடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மூன்றாவது, மலைப்பாதை. எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையிலிருந்து செகண்ட் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்கினால், பெட்ரோல் இன்ஜினுக்குள் உறிஞ்சும் வெற்றிடம் அதிகமாகும். தேய்ந்த வால்வ் சீல் வழியாக ஆயில் உள்ளே இழுபடும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் காரணம் வால்வ் சீல். மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள். ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

புகை இல்லாமல் குறைந்தால் கசிவு. இரவில் இன்ஜினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தால் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரா, ஃபில்டரா என்று தெரியும். சில கசிவு ஓடும்போது மட்டுமே வரும்; காரின் பின்கதவிலும் பின்கண்ணாடியிலும் பிசுபிசுப்பான படலம் படிந்து தூசி ஒட்டினால் அதைச் சந்தேகியுங்கள். புது ஃபில்டர் போட்ட பிறகு ஃபில்டரைச் சுற்றிக் கசிந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு அதன் மேல் புதியது உட்கார்ந்திருக்கலாம். அது அழுத்தம் தாங்காமல் எந்த நேரமும் பிய்த்துக்கொண்டு மொத்த ஆயிலையும் கொட்டிவிடும். அங்கேயே ஒரு மெக்கானிக்கைப் பிடித்துச் சரிசெய்த பிறகே கிளம்புங்கள்.

ஏறினால் இன்னும் கவனம்

பத்து நிமிடத்தில் பார்த்ததை விடக் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது இயல்பு. ஆனால் வித்தியாசம் எப்போதும் 200 மி.லி.க்கு மேல் இருந்து, காலை ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தமும் வந்தால், ஃபில்டருக்குள் ஆயிலைப் பிடித்துவைக்கும் ரப்பர் வால்வ் கெட்டு, இரவில் அதுவும் வடிந்து இறங்குகிறது. ஃபில்டரை மாற்றினால் தீரும்.

காலைக்குக் காலை ஏறிக்கொண்டே போனால் வேறு ஏதோ உள்ளே வருகிறது. 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் கூடுதல் டீசலைச் செலுத்தி அதை எரிக்கும். எரியும் நடுவில் நாம் வண்டியை அணைத்தால் அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றுவது, வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம் (ஐடிலிங்) வழக்கத்தை விட உயர்ந்திருப்பது, சூட்டு வாடை ஆகியவை எரிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளம். அப்போது அணைக்காமல் இன்னும் 15, 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிடுங்கள்.

பெட்ரோலைப் போல டீசல் சூட்டில் எளிதாக ஆவியாகாது. ஏறிய அளவு தானாக இறங்காது, ஆயிலும் நீர்த்துப் போயிருக்கும். குச்சியை முகர்ந்தால் டீசல் வாடை, விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லை என்றால், மேல்கோட்டைத் தாண்டியதை உறிஞ்சி எடுப்பது போதாது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பயணத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயமல்ல இது.

குச்சியில் வருவது டீக்கடைப் பால் போல வெளுத்து நுரைத்திருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் டப்பாவிலும் அளவு இறங்கியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யவே கூடாது. குளிர் ஊரில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பிசின் படிவது வேறு. அது நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்தது, நீண்ட ஓட்டத்தில் போய்விடும். குச்சி சுத்தமாக இருக்கிறதா, கூலண்ட் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்களே அதிகமாக ஊற்றிவிட்டால்? இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு மசகு வேலை தெரியாது, அழுத்தமும் நிற்காது. அதோடு நுரை பருமனாவதால் சூடான அளவு இன்னும் கூடித் தெரிந்து குழப்பும். குச்சியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தால் அடையாளம். மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்சு வாங்கி, குச்சிக் குழாய்க்குள் தடையின்றிப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறிஞ்சுங்கள். ஆயில் கெட்டி என்பதால் மெதுவாகத்தான் வரும். வழியில் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தி வடிக்கும் வேலை வேண்டாம். சூடு ஆயிலில் கை வெந்து போல்ட் நழுவினால் மொத்தமும் போய்விடும். எடுத்த ஆயிலை மண்ணில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

குச்சியே தப்பென்றால்

பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உடைந்த குச்சிக்குப் பதில் வேறு மாடலின் குச்சி போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் நுனி சூட்டில் நொறுங்கியிருக்கும். குழாய் பிடிப்பு விட்டு மேலே எழும்பியிருக்கும். சோதனை எளிது. ஆயில் மாற்றும் அன்று, ஃபில்டரோடு சேர்த்துக் கையேடு சொல்லும் அளவை மி.லி. சுத்தமாக அளந்து ஊற்றி, மூன்று நிமிடம் ஓட்டி அணைத்து, மறுநாள் காலை பாருங்கள். மேல்கோட்டுக்கு அருகில் நிற்க வேண்டும். வெகுவாகத் தள்ளி நின்றால் சரியான பார்ட் நம்பர் குச்சியை வாங்குங்கள். கிடைக்கும் வரை, அன்று ஆயில் நின்ற இடத்தில் அரத்தால் மெல்லிய கீறல் போட்டு, அதையே மேல்கோடாக வைத்துக்கொள்ளலாம்.

குச்சியே இல்லாமல் சென்சார் மட்டும் உள்ள சொகுசு வண்டிகளில் சமதளம், சூடான இன்ஜின் என்ற நிபந்தனை நிறைவேறினால்தான் அளவு வரும். ஊற்றியதும் திரையில் எண் மாறவில்லை என்று மறுபடி ஊற்றுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. கையேடு சொல்லும்படி கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி அளக்கவிட்ட பிறகே அடுத்த முடிவு.

ஊற்றும்போது

காலை அளவு பாதிக்குக் கீழே போன பிறகு ஊற்றினால் போதும். ஒரே தடவையில் 200, 250 மி.லி.க்கு மேல் வேண்டாம். ஊற்றியது சம்புக்கு இறங்க பத்து நிமிடம் கொடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முன்கூட்டியே பேனாவால் கோடு போட்டு வைத்தால் அளக்க எளிது. இன்னொரு பாட்டிலின் கழுத்தை வெட்டினால் புனல். இரண்டையும் உள்ளே ஈரமின்றிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

கையேட்டில் உள்ள அதே கிரேடில் ஒரு லிட்டர் டின்னை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். 0டபிள்யூ-20, டி.பி.எஃப். வடிகட்டிக்கு ஏற்ற சி3 ரக ஆயில் போன்றவை எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை. அவசரத்துக்குக் கம்பெனி பங்கில் சீல் உடையாத சர்வோ, மேக் டின் வாங்கலாம். கிரேடும் தரக்குறியும் ஒன்றாக இருந்தால் பிராண்டு கலப்பதால் கெடுதல் இல்லை.

இருசக்கர வண்டிகள்

சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பைக்கின் அளவு பொய்தான். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில், இல்லையென்றால் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். ஆக்டிவா, ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் மூடியோடு சேர்ந்த குச்சியைத் துடைத்து, திருகாமல் துளையின் மேல் வைத்து எடுத்துத்தான் படிக்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கிக் கூடுதலாகக் காட்டும். ஆயில் குறைந்தது தெரியாமலேயே போகும்.

ஆயில் மட்டம் வெளியே தெரியும் கண்ணாடி வில்லை உள்ள பைக்குகளில் மேல் கீழ் குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி. வில்லையின் உட்புறம் பழுப்பேறியிருந்தால் எப்போதும் நிறைந்திருப்பது போலவே தெரியும். வண்டியை இருபுறமும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள், மட்டம் நகர்வது கண்ணில் பட வேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு மட்டும் காலை விதி செல்லாது. அதில் ஆயில் தனி அறையில் நிற்கும். சில நாள் ஓட்டாமல் விட்டால் பம்பு வழியாக ஊறிக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும், குச்சியில் ஆயிலே இல்லாதது போலத் தோன்றும். அதைப் பார்த்து ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் பம்பு எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப, மிஞ்சியது காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக வெளியே கொட்டும். குச்சியின் நுனியிலாவது ஆயில் தொட்டால், ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓட விட்டு, அணைத்து இரண்டு நிமிடத்துக்குள் பாருங்கள். நுனிகூட நனையவில்லை என்றால் முதலில் 200 மி.லி. ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மேலே சொன்னபடி அளந்து, மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிடலாம்.